எண்பத்தொரு கிலோவும் மதினியின் விசிலும்

சிரிக்க வைக்காதீங்க தங்கச்சி, தையல் இழுக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலைதான். நானாத்தான் சிரிக்கேன். ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு. வலி மருந்து கூடிப்போச்சோன்னு சிஸ்டர் வந்து சீட்டை எடுத்துப் பாத்துட்டுப் போறாக. மருந்து இல்லம்மா, சந்தோசம்னு சொன்னா நம்ப மாட்டேங்காக.

உங்க அம்மா தூங்குறாகள்ல? மெதுவாப் பேசுறேன். காலையில வந்ததுல இருந்து என்னைப் பாவமாப் பாக்கீங்க, இந்தப் பொம்பளைக்கு என்ன சீக்கோன்னு. எனக்கு ஒரு சீக்கும் கிடையாது. நல்ல உடம்போட நடந்து வந்து படுத்தேன். என் ஈரல்ல பாதிக்கு மேல அறுத்தெடுத்து எங்க மதினிக்கு வச்சிருக்காக. ஆமா, நெசமாத்தான். மேல்மாடியில கண்ணாடி ரூம்ல இருக்காக அவுக. ஈரல் மட்டும் வெட்டினா திரும்ப வளருமாம். எனக்கும் வளரும், அவுகளுக்கும் வளரும்.

மதினின்னா எங்க வீட்டுக்காரவுகளோட கூடப்பொறந்த அக்கா. தங்கபுஷ்பம் டீச்சர்னு கேட்டா கோவில்பட்டியில பாதி ஊருக்குத் தெரியும். பொம்பளப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். ஹாக்கி சொல்லிக்குடுப்பாக. கல்யாணம் பண்ணிக்கலை, எங்க மாடியிலேயே இருக்காக. பாசமான்னு மட்டும் கேட்டுறாதீங்க. அதை ஒரு கமிட்டியே உக்காந்து கேட்டு ஓய்ஞ்சு போச்சு. அந்தக் கூத்தைப் பொறகு சொல்றேன்.

பாசம் எங்க இருந்து வரும்? கல்யாணத்தன்னைக்கு, தாலி ஏறி அரைமணி நேரம்கூட ஆகலை, நான் மணமேடையை விட்டு எறங்குறேன். பலகை லேசா கிரீச்சுன்னுச்சு. அம்புட்டுத்தான். உடனே அவுக தம்பிகிட்ட, "ஏலே, பலகையைப் பாத்துக்கோ, வாடகைக்கு எடுத்தது"ன்னாக. நான் அப்பவே கொஞ்சம் பூசினாப்புல இருப்பேன். சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சாக. எங்க வீட்டுக்காரவுகளும் சிரிச்சாக. இருபத்திரெண்டு வருசமாச்சு. மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க. ஆனா மறக்கலை.

எங்களுக்குக் கடலைமிட்டாய் தொழில். வீட்டுக்குப் பின்னாலயே பட்டறை. பாகு ஊத்தித் தேச்சு, துண்டு போடையில ஓரம் கோணலா நிக்கும் பாருங்க, அதை டப்பாவுல போட முடியாது. அதை என்ன செய்ய? கீழ போடவா முடியும்? நான் வாயில போட்டுக்குவேன். நடந்தா ஒண்ணு, நின்னா ஒண்ணு. இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வருமா? எண்பத்தெட்டு கிலோ இருந்தேன். மதினி மாடிப்படியில இறங்கும்போதெல்லாம் "ஓரமெல்லாம் தீந்துருச்சா செண்பகம்?"னு கேப்பாக. என் பேரு செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. அந்தப் பேரை அவுக சொன்னா மட்டும் ஏதோ கேஸ் போட்ட மாதிரி இருக்கும்.

போன வருசம் அவுகளுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். கால் வீங்குச்சு, வயித்துல தண்ணி கோத்துச்சு. இங்க மதுரைக்குக் கொண்டுவந்து காட்டினா ஈரல் சுருங்கிப் போச்சுன்னுட்டாக. ஒரு சொட்டு குடிச்சறியாத பொம்பளை! அவுக உடம்பே அவுக ஈரலைப் பகையாளின்னு நெனச்சு அரிச்சிருக்கு. எனக்கு அது ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. அவுகளுக்கு யாரையும் பிடிக்காது, சொந்த ஈரலை மட்டும் பிடிக்குமா?

டாக்டரம்மா, "வேற ஈரல் வச்சாத்தான் ஆச்சு, வீட்ல யாரு குடுப்பீங்க?"ன்னாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சர்க்கரை. ரத்தமும் சேரலை. இறந்தவுக ஈரலுக்குப் பேரு பதிஞ்சாச்சு, அது எப்ப வருமோ தெரியாதாம். ரூம்ல ஒரு சத்தம் இல்ல. எனக்கு அந்த மாதிரி அமைதி ஆகாது. யாராவது எதையாவது பேசணும். வாய் தவறி, "என் ரத்தம் ஓ, எல்லாருக்கும் சேருமாமே"ன்னுட்டேன். வாய் தவறித்தான் தங்கச்சி! சொல்லிட்டு நானே திரும்பிப் பாத்தேன், யாரு சொன்னான்னு.

மதினி, "இவ வேண்டாம்"ன்னாக. அம்புட்டுத்தான். அதுவரைக்கும் எனக்கு ஒரு யோசனையும் இல்ல. வேண்டாம்னு சொன்னாகள்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன், குடுத்தே தீருறதுன்னு.

ஆனா ஸ்கேன் எடுத்துப் பாத்தா என் ஈரல் முழுக்கக் கொழுப்பு! டாக்டரம்மா படத்தைக் காட்டி, "இதைக் குடுத்தா அவங்களுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆபத்து. எடையைக் குறைச்சுட்டு வாங்க, ஈரல்ல இருக்கிற கொழுப்பும் தானாக் குறையும். எழுபத்தஞ்சு, எழுபத்தாறுக்கு வந்தீங்கன்னா திரும்பப் பாக்கலாம்"னாக. என்ன சாப்பிடணும்னும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாக. முட்டை, பருப்பு, பயறு, மீனு. அதைப் படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எளைக்கச் சொல்லிட்டு இம்புட்டு சாப்பிடச் சொல்றாகளேன்னு. எல்லாத்துலயும் பாதியை அடிச்சேன்.

முதல்ல ஜோரா எறங்குச்சு. ஓரத்துணுக்கைத் தொடலை. ராத்திரிச் சோறு கிடையாது. எங்க பட்டறையில கடலை மூட்டையை நிறுக்கிற எடைமேடை இருக்கு, அதுல போய் நிப்பேன். எங்க வீட்டுக்காரவுக மூட்டையை நிறுத்துட்டு, "அடுத்து?"ம்பாக, நான் ஏறுவேன். எண்பத்தாறு, எண்பத்திநாலு, எண்பத்திரெண்டு! தெருவுல பொம்பளைக எல்லாம், "என்னக்கா, முகம் சின்னதாயிருச்சே"ன்னு கேக்க, எனக்குக் கால் தரையில பாவலை. இன்னும் கொஞ்ச நாள், மதினி வாயை அடைச்சுரலாம்னு இருந்தேன்.

எண்பத்தொண்ணுல வந்து நின்னுச்சு. நின்னுச்சுன்னா சும்மா நிக்கலை தங்கச்சி, வேர் பிடிச்சுருச்சு. இன்னைக்கு எண்பத்தொண்ணு, நாளைக்கு எண்பத்தொண்ணு, அடுத்த வாரம் எண்பத்தொண்ணு. மேடைதான் கெட்டுப்போச்சுன்னு ஒரு மூட்டையைத் தூக்கி வச்சுப் பாத்தா மூட்டை சரியாக் காட்டுது! எனக்கு மட்டும் எண்பத்தொண்ணு. முகம் வத்திருச்சு, கை வத்திருச்சு, கழுத்தெலும்பு தெரியுது. இந்த அடிவயித்துல இருந்தது மட்டும் அசையவே இல்ல. வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உக்காந்திருக்கு. குளிக்கும்போது அதைப் பிடிச்சு வைவேன். "போயேன், உனக்கு வெக்கமா இல்ல?"ன்னு சத்தமாவே வைவேன்.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. சீரகத் தண்ணி குடி, கொள்ளுக்கஞ்சி குடி, வெந்நியில எலுமிச்சம்பழம் பிழி. எல்லாம் குடிச்சேன். குடிச்சதுல ஓடினது கக்கூசுக்குத்தான். சரி, இன்னும் குறைப்போம்னு காலையில ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி மோரு. தலைமுடி கொத்துக்கொத்தா வருது. எப்பப் பாத்தாலும் குளிருது, அதுவும் கோவில்பட்டியில! உக்காந்தா எந்திரிக்கத் தோணலை. எடைமேடையில ஏறினா எண்பத்தொண்ணு.

மதினிக்கோ நாளுக்கு நாள் மோசமாகுது. வயித்துல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தா பத்தே நாள்ல திரும்பக் கோத்துக்கும். டாக்டரம்மா எங்க வீட்டுக்காரவுகளைத் தனியாக் கூப்பிட்டு, ரொம்ப நாள் தள்ள முடியாதுன்னு சொல்லியிருக்காக. அன்னைக்கு சாயங்காலம் மதினி மாடியில இருந்து என்னைக் கூப்பிட்டாக. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்காக. மூஞ்சி மஞ்சக்கிழங்கு மாதிரி இருக்கு. "நிறுத்திரு செண்பகம். உன்னால முடியாது. முயற்சி பண்ணின, போதும்"னாக.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "முடியாதுன்னு நீங்க சொல்லாதீங்க மதினி! உங்க ஈரலா அது, என் ஈரலு!"ன்னு கத்திட்டு வேகமாத் திரும்பி, படியில இறங்குறேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. நாலாம் படியில அப்படியே உக்காந்தது தெரியும். முழிச்சுப் பாத்தா என் தலை மதினி மடியில இருக்கு. நடக்க முடியாத மனுசி, சுவத்தைப் பிடிச்சு எப்படி வந்தாகன்னு தெரியலை. எங்க வீட்டுக்காரவுக தண்ணியோட நிக்காக.

"காலையில இருந்து என்ன சாப்பிட்ட?"

"ஒரு இட்லி."

"மத்தியானம்?"

"பசிக்கலை மதினி."

விழுந்துச்சு பாருங்க வசவு! பள்ளிக்கூடத்துல பிள்ளைகளைக்கூட அப்படி வைய மாட்டாக. "கூறு இருக்கா உனக்கு? டாக்டர் எழுதிக் குடுத்ததை அடிச்சுட்டு உன் இஷ்டத்துக்குப் பட்டினி கிடக்கியா? உடம்பு பயந்துபோய்க் கிடக்கு. பஞ்சம் வந்துருச்சுன்னு இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குது. கொழுப்பை விட்டுட்டுச் சதையைத் தின்னுட்டிருக்கு. அந்தத் தாள் எங்க?"

தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் படிச்சாக. "நாளையில இருந்து இதுல இருக்கிறது முழுசும் திங்கணும். திங்கிறதை நான் பாக்கணும். விடியவும் மைதானத்துக்கு வா."

"நீங்க எங்க மதினி வரப்போறீக?"

"ஆட்டோ இருக்குல்ல?"

இதை நீங்க பாத்திருக்கணும் தங்கச்சி! ஊரே வேடிக்கை பாத்துச்சு. மைதானத்து ஓரத்துல வேப்பமரத்தடியில ஒரு பிளாஸ்டிக் சேரு. அதுல கம்பளியைச் சுத்திக்கிட்டு மதினி. கழுத்துல விசில். சாகக் கிடக்கிறவுக உக்காந்து விசில் ஊதுறாக, ஈரல் குடுக்கிறவ சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடுறா! முதல்ல நடக்கணும். விசில் கேட்டா ஓடணும். திரும்ப விசில் கேட்டா நடக்கணும். அவுகளுக்கு மூச்சு பத்தாது, விசில் பாதிச் சத்தம்தான் வரும், ஃபூன்னு. கேக்கலைன்னு நான் நடந்துட்டே இருந்தா ஹாக்கி மட்டையைத் தரையில தட்டுவாக. பொறகு உக்காந்து உக்காந்து எந்திரிக்கணும். பட்டறையில இருந்து அரைமூட்டைக் கடலையைக் கொண்டுவரச் சொல்லி, அதை மாரோட கட்டிக்கிட்டுப் படி ஏறணும். "சதை ஊறட்டும், அது கொழுப்பைத் திங்கும்"பாக. ஹாக்கிப் பிள்ளைக எல்லாம் மரத்தடியில நின்னு "அக்கா, அக்கா, விடாதீங்க!"ன்னு கத்துதுக. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஓடும்போது சிரிச்சா ஓட முடியாது தெரியுமா?

வீட்டுக்கு வந்தா ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் பாசிப்பயறு. மத்தியானம் மீனும் கீரையும். எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாக. அவுகளுக்கு உப்பில்லாத கஞ்சி, எனக்கு மீன்குழம்பு! இருபத்திரெண்டு வருசமா நான் திங்கிறதை எண்ணின பொம்பளை, இப்ப "இன்னொரு துண்டு வை"ங்காக. ஒருநாள் பாசிப்பயறைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சேன். அந்த வசவு இருக்கே! திங்கிறதுக்கும் வசவு, திங்காததுக்கும் வசவு. இந்த வீட்ல நான் என்னதான் செய்ய?

முதல் வாரம் முடிஞ்சு எடைமேடையில ஏறினேன். எண்பத்தொண்ணரை! எனக்கு அழுகையே வந்துருச்சு. மாடிக்கு ஓடிப்போய், "உங்க பேச்சைக் கேட்டு ஏறிப்போச்சு மதினி, என்னைத் தின்ன விட்டே கெடுத்துட்டீக"ன்னு சண்டை போட்டேன். அவுக அசரலை. "பாவாடை நாடாவைக் காட்டு"ன்னாக. "என்னது?"ன்னேன். "முடிச்சுக்கு மேல எம்புட்டு தொங்குது?" பாத்தா, நாலு விரக்கடை தொங்குது! போன வாரம் முடிச்சுப் போடவே இழுத்துப் பிடிக்கணும். "மேடையை நம்பாத, நாடாவை நம்பு"ன்னாக.

அதுக்கப்புறம் எடைமேடையும் வழிக்கு வந்துச்சு தங்கச்சி. எண்பது. எழுபத்தொம்பது. ஐயோ, அந்த எழுபத்தொம்பதைப் பாத்த அன்னைக்கு மேடையிலேயே குதிச்சேன், முள்ளு நூத்தைத் தாண்டிப் போயிட்டு வந்துச்சு! எங்க வீட்டுக்காரவுக, "ஏட்டி, மேடை உடைஞ்சுரும்"னாக. "உடையட்டும்!"ன்னேன்.

நல்லா போயிட்டிருக்கையில ஒருநாள் விடியக்காலை மதினி எந்திரிக்கலை. நான் போய்த் தொட்டு எழுப்பினா முழிக்காக, ஆனா என்னைத் தெரியலை. என்னைப் பாத்து, "சென்டர் ஃபார்வர்டு யாரு இன்னைக்கு? ஷூவைப் போடு, நேரமாச்சு"ன்னாக. கை ஆடுது. ஈரல் வேலை செய்யாம அழுக்கு மூளைக்கு ஏறிருச்சுன்னு பொறகு டாக்டரம்மா சொன்னாக. ஆம்புலன்சுல ஏத்தி எங்க வீட்டுக்காரவுக கூடப் போனாக. என்னை ஏற விடலை, எடமில்லைன்னுட்டாக. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு.

அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? விசில் கட்டில்லேயே கெடந்துச்சு. எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு மைதானத்துக்குப் போயிட்டேன். சேரும் இல்ல, ஆளும் இல்ல. நானே ஊதினேன், நானே ஓடினேன். நானே ஊதினேன், நானே நடந்தேன். மூச்சு வாங்குது, கண்ணுல தண்ணியா ஊத்துது, வேர்வைதான். நிறுத்தணும்னே தோணலை. நிறுத்தினா ஏதோ ஆயிரும்னு இருந்துச்சு. பால்காரரு சைக்கிளை நிறுத்திப் பாத்துட்டுப் போனாரு.

மருந்து குடுத்து ரெண்டு நாள்ல மதினிக்கு நினைவு வந்துச்சு. வந்ததும் என்னைப் பாத்து, "முந்தாநாள் ஓடினியா?"ன்னு கேட்டாக. மனுசின்னா கொஞ்சம் இரக்கம் வேண்டாம்? ஆனா ஓடினேன்னு சொன்னதும் அவுக கண்ணை மூடிக்கிட்டாக. உறக்கம்தான் போல.

எழுபத்தாறு! ஸ்கேன் எடுத்தாக. டாக்டரம்மா படத்தையே பாத்துட்டு இருந்தாக. பொறகு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, "செண்பகவல்லி, இது உங்க ஈரல்தானா?"ன்னு சிரிச்சாக. நான் டாக்டரம்மாவைக் கட்டிப் பிடிச்சுட்டேன்! எழுந்து நின்னு கட்டிப் பிடிச்சதுல அவுக மூக்குக்கண்ணாடி கீழ விழுந்துருச்சு.

அப்புறம்தான் அந்தக் கமிட்டி, ஈரல் குடுக்க அனுமதி தர்றவுக. கூடப்பொறந்தவுக, பெத்தவுக, புருசன் பொண்டாட்டின்னா லேசா விட்ருவாகளாம். நாத்தனாருக்குக் குடுக்கறதுன்னா, யாராவது கட்டாயப்படுத்தினாகளா, நெசமாப் பாசத்துல குடுக்கிறாளான்னு பாக்கணுமாம். பெரிய மேசை, அஞ்சாறு பேரு. நடுவுல இருந்த ஐயா, "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"ன்னாரு. எனக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா ஐயா. மூட்டை தூக்க விட்டாக, விசில் ஊதி ஓட விட்டாக, வேண்டாம் வேண்டாம்னாலும் வாயில முட்டையை வச்சாக"ன்னேன்.

எங்க வீட்டுக்காரவுக மூஞ்சி வெளுத்துப்போச்சு. அந்த ஐயா பேனாவைக் கீழ வச்சுட்டு, "நோயாளியைக் கூப்பிடுங்க"ன்னாரு. வீல்சேர்ல தள்ளிட்டு வந்தாக. "நீங்க இவங்களைக் கட்டாயப்படுத்தினீங்களா?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். இவ கேக்கலை"ன்னாக மதினி.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"இவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என் தம்பிக்கு யாரு இருக்கா?"

"பாத்தீகளா ஐயா, தம்பிக்காகத்தான்!"ன்னேன் நான்.

"நீ வாயை மூடு. நேத்து ராத்திரி பயறு சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்றா சார். கிண்ணத்துல பாதி அப்படியே கெடந்துச்சு."

"அது வேகலை மதினி! வேகாத பயறை நீங்க தின்பீகளா? உங்களுக்கு உப்பில்லாத கஞ்சியே நான் வச்சாத்தான் எறங்குது, நர்சு குடுத்தா துப்புறீக, அதையும் சொல்லுங்க ஐயாகிட்ட!"

இப்படிப் போகுது. யாரும் எங்களை நிறுத்தலை. மேசையில இருந்த அம்மா ஒருத்தவுக முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாக. நடுவுல இருந்த ஐயா, "போதும்மா, போதும்"னுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்பவும் எனக்குப் புரியலை தங்கச்சி. பாசத்தைப் பத்தி ஒரு கேள்வியும் முடியலை, நாங்க சண்டைதான் போட்டோம். எதை வச்சுக் கையெழுத்துப் போட்டாரு?

அம்புட்டுத்தான். வெட்டினாக, வச்சாக. வச்ச உடனே ரத்தம் பாஞ்சு செவந்துருச்சாம் ஈரல், டாக்டரம்மா சொன்னாக. காலையில எங்க வீட்டுக்காரவுக கண்ணாடி வழியாப் பாத்துட்டு வந்து, "ஏட்டி, அக்கா கண்ணு வெள்ளையாகிட்டு வருதுட்டி"ன்னு சொல்லிட்டு, இந்தா இந்தச் சுவத்துல சாஞ்சு அழுதாக. நான் அழலை. எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது. வத்திப்போன வயித்துல இம்புட்டுப் பெரிய தையலைப் போட்டுட்டாகளேன்னு சிரிப்பு.

இருங்க, போன் அடிக்கி. எங்க வீட்டுக்காரவுகதான்.

ஏங்க, சொல்லுங்க. வீடு பாத்தீகளா? …ம். …ரெண்டு ரூமா? வேண்டாம். …நல்ல வீடா இருந்தா இருக்கட்டும், வேண்டாம்ங்கேன்ல. …காத்து வராது. …நீங்க பாத்தா? உங்களுக்கு என்ன தெரியும். ஒரே ரூமாப் பெருசாப் பாருங்க. ரெண்டு கட்டில் போடணும். …இந்த ஓரத்துல ஒண்ணு அந்த ஓரத்துல ஒண்ணு இல்லைங்க, சேத்து. நடுவுல ஒரு ஸ்டூல் போட எடம் விட்டாப் போதும். …சரி. சாப்பிட்டீகளா? சரி, வைங்க.

ஒண்ணுமில்ல தங்கச்சி. மூணு மாசத்துக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கணுமாம், அதுக்கு வீடு பாக்காக. மூணு மாசம்! அவுக கூட ஒரே ரூம்ல மூணு மாசம்! என் தலையெழுத்தைப் பாத்தீகளா?

என்ன, சிரிக்கீக? ரெண்டு ரூம் வீடு கிடைச்சும் நான்தான் வேண்டாம்னேன், ஆமா. அதுக்குக் காரணம் இருக்கு. அவுக ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்லன்னா, சண்டை போட நான் கத்த வேண்டாமா? கத்தினா தையல் பிரிஞ்சுரும். பக்கத்துக் கட்டில்னா மெதுவாப் பேசினாலே அவுகளுக்குக் கேக்கும்.